கல்லீரல் மாற்றுக்குப் பின் பித்தநாள அடைப்பு: பெரிய அறுவையின்றித் திறக்கும் வழி

மாற்று அறுவையில் கல்லீரலின் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. அதனால் பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) அடைத்தாலும் வயிறு வலிக்காமலே போகலாம். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரிப்பு, கருமஞ்சள் சிறுநீர், வெளிறிய மலம், நடுக்கத்தோடு காய்ச்சல் வரலாம். சிலருக்கு இரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ், ஜிஜிடி என்ற நொதிகளின் அளவுகள் ஏறுவது மட்டுமே அடையாளம்.

முதலில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கல்லீரல் தமனியைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மாற்றுக் கல்லீரலின் பித்தநாளங்கள் அந்த ஒரு தமனியை நம்பியே உயிர்வாழ்கின்றன. அது அடைபட்டால் உள்ளே பல இடங்களில் நாளம் சுருங்கும். பலூனால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்தால் சுருக்கம் எங்கே, எத்தனை நாளங்களில் என்று தெரியும்.

புதிய கல்லீரலின் நாளத்தை உங்கள் சொந்த நாளத்தோடு இணைத்திருந்தால் இ.ஆர்.சி.பி.தான் முதல் வழி. வாய்வழியாக எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய வளையும் குழாய்) செலுத்தி, சுருக்கத்தின் வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் 6 முதல் 8 மி.மீ. பலூனை விரித்து, 7 முதல் 10 பிரெஞ்சு அளவு பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைப்பார்கள் (பிரெஞ்சு என்பது குழாயின் தடிமன் அளவு; 3 பிரெஞ்சு என்பது 1 மி.மீ.). அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் பெரிய பலூன் ஆபத்து. தையல் கிழிந்து பித்தம் கசியும்.

ஒருமுறை விரித்தால் தழும்பு மறுபடி இறுகிவிடும். அதனால் 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்டென்ட்டை மாற்றி, எண்ணிக்கையைக் கூட்டி, ஏறத்தாழ ஓராண்டு தொடர வேண்டும். மஞ்சள்காமாலை தெளிந்தவுடன் தேதியைத் தவறவிடுவதுதான் பெரிய கேடு: பழைய ஸ்டென்ட்டில் பித்தச்சேறு அடைத்து, கிருமி இரத்தத்தில் கலக்கும்.

சிறுகுடலோடு நாளத்தை இணைத்திருந்தால் சாதாரண எண்டோஸ்கோப் பெரும்பாலும் எட்டாது. அப்போது பி.டி.பி.டி. (தோல்வழியே குழாய் வைத்துப் பித்தத்தை வடிக்கும் முறை): ஆன்டிபயாடிக் கொடுத்து, இரத்தம் உறையும் திறனைச் சோதித்து, தோல்வழியே 21 அல்லது 22 கேஜ் மெல்லிய ஊசியால் நாளத்தை எட்டி, 8 பிரெஞ்சு குழாயில் தொடங்கிப் படிப்படியாகத் தடிமனைக் கூட்டுவார்கள்.

வீட்டில் இந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவும்போது, மருத்துவர் சொன்ன அளவு (வழக்கமாக 5 முதல் 10 மி.லி.) கிருமிநீக்கிய சலைனை (உப்புநீர்) மெதுவாகச் செலுத்துங்கள். திரும்ப உறிஞ்சவே கூடாது. குடல்கிருமி நாளத்துக்குள் ஏறும். தடை தெரிந்தால் அழுத்தித் தள்ளாதீர்கள். மூடிய குழாயோடு காய்ச்சல் வந்தாலோ, ஓரத்தில் கசிந்தாலோ, மூடியைத் திறந்து பையோடு இணைத்து உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பையில் சேரும் அளவைத் தினமும் குறியுங்கள். பித்தம் அதிகம் வெளியேறினால் உப்பும் நீரும் குறையும்.

அரிப்புக்கு ரிஃபாம்பிசின் எழுதினால், டாக்ரோலிமஸ் (உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து) எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை வெகுவாகக் குறைத்து, உறுப்பு நிராகரிப்புக்கே வழிவிடும்.