கறுப்புப் பூச்சுக்கு அடியில் துரு

காரின் அடிப்பகுதி கறுகறுவென்று பளிச்சென இருந்ததால் துருவைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. டயர் மாற்றக் குனிந்தபோதுதான், ஜாக்கி வைக்கும் இடத்தருகே பூச்சு கொப்புளம்போல உப்பியிருப்பதைக் கண்டேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. உள்ளே ஈரம், அதற்கும் கீழே செதில் செதிலாகத் துரு. ரப்பர் கலந்த கெட்டிப் பூச்சில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். எளிதில் வெளியே வராது. இத்தனை நாளும் துருவுக்குத்தான் குடை பிடித்திருக்கிறேன்!

வண்டியை ஜாக்கியால் தூக்கி, அடியில் தாங்கு ஸ்டாண்டுகளை வைத்து நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்), தளர்ந்த பூச்சு முழுவதையும் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டேன். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. கண்ணாடி அணியாமல் தொடங்கி, கண்ணில் துருத்தூள் விழுந்து அரை மணி நேரம் வீணானது. குழிகளில் மிஞ்சிய துருவின் மேல் டானிக் அமிலம் (tannic acid) கலந்த துருமாற்றியை, அதாவது துருவை நிலையான படலமாக மாற்றும் திரவத்தைப் பூசியதும் செம்பழுப்பு மெல்ல நீலக்கறுப்பாக மாறியது. பிறகு எபாக்சி பிரைமர் என்னும் பிசின் அடிப்பூச்சு. அதன்மேல் மெழுகுப் பூச்சு. மெழுகு இறுகி வெடிப்பதில்லை, ஆனால் சக்கர வளைவுகளில் சீக்கிரம் கரைந்துவிடும். ஆண்டுதோறும் மறுபடி அடிக்கிறேன். புகைக்குழாயிலும் பிரேக்கிலும் படாமல் மூடிவிட்டே அடிக்க வேண்டும்.

கதவுக்குக் கீழுள்ள வடிகால் துளைகளையும் பழைய பூச்சு அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் ஒரு குவளைச் சேற்றுத் தண்ணீர் என் சட்டைமேல் கொட்டியது.