அமெரிக்கச் சிறுகதையும் இயக்கப் பெயர்களும்: வாசிப்பில் நேரும் தவறுகள்

அமெரிக்க இலக்கிய இயக்கங்களைச் சிறுகதைகளின் வழியே அறிய முற்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, கற்பனாவாதம் (கற்பனையும் உணர்ச்சியும் முன்னிற்பது), யதார்த்தவாதம் (அன்றாட வாழ்வை உள்ளபடி காட்டுவது), இயல்புவாதம் (மனிதனை இயற்கையின், சூழலின் பிடியில் வைத்துப் பார்ப்பது) ஆகியவற்றின் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டு, அதற்கு உதாரணம் தேடிக் கதைக்குள் நுழைவதாகும். அப்படி நுழைகிறவர் வாஷிங்டன் இர்விங்கின் 'ரிப் வான் விங்கிள்' (1819) கதையில் மலையையும் மாய உறக்கத்தையும் அடிக்கோடிட்டு, கற்பனாவாதம் என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார். இருபது ஆண்டு உறங்கி ஊர் திரும்பும் ரிப், விடுதியின் பலகையில் பார்ப்பது இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அதே சிவந்த முகத்தைத்தான். ஆனால் சிவப்பு மேலங்கி நீலமாகியிருக்கிறது, கையில் செங்கோலுக்குப் பதில் வாள் இருக்கிறது, கீழே 'ஜெனரல் வாஷிங்டன்' என்று பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க விடுதலைப் புரட்சியையே பலகைக்கு அடித்த புதுச் சாயமாகக் காட்டும் இந்தக் குறும்பு, அட்டவணையும் கையுமாகப் படிப்பவர் கண்ணில் படுவதில்லை.

இயக்கங்களை ஆண்டுவாரியாகப் பாத்தி கட்டிப் பிரிப்பதும் பொருந்தாது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' யதார்த்தவாதக் காலம் எனப்படும் 1892இல் வெளிவந்தது. தனித்த மாளிகையும் முற்றும் பித்தும் திகில் கதைகள் எழுதிய எட்கர் ஆலன் போவை நினைவூட்டினாலும், ஓய்வு சிகிச்சை என்ற பெயரில் பெண்களை எழுதவிடாமல் முடக்கிய மருத்துவத்தை, அதற்கு ஆளானவரே எதிர்த்து எழுதிய கதை அது.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது யதார்த்தவாதத்தையும் இயல்புவாதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். 1897 ஜனவரியில் ஃபுளோரிடா கடலில் கமடோர் என்ற கப்பல் மூழ்கியபோது, அதில் இருந்த ஸ்டீஃபன் கிரேன் சிறு படகில் தப்பினார். உடனே எழுதிய செய்திக் கட்டுரையில், படகில் கழிந்த முப்பது மணி நேரத்தை இப்போது சொல்லப்போவதில்லை என்று தாண்டிச் சென்றுவிட்டார். அதே ஆண்டு 'திறந்த படகு' கதையில் சொன்னது அந்த நேரத்தை மட்டும்தான். உண்மைச் சம்பவம் என்பதாலேயே இதை யதார்த்தவாதம் என்று வகைப்படுத்துகிறவர்கள், படகில் இருந்த நால்வரில் பெயர் சொல்லப்படும் ஒரே ஆளான பில்லி, திறமையாகத் துடுப்பு வலித்தவன், அவன் ஒருவனே கரையருகே இறப்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்புக்கும் பிழைப்புக்கும் கணக்கு நேராகாத அந்த இடத்தில்தான் இயல்புவாதம் இருக்கிறது.

எந்த வடிவத்தைப் படிக்கிறோம் என்று பாராமல் விடுவதும் உண்டு. ஜாக் லண்டன் 'தீ மூட்டுதல்' கதையை இருமுறை எழுதினார். சிறுவர்களுக்காக எழுதிய 1902ஆம் ஆண்டு வடிவத்தில் டாம் வின்சென்ட் என்பவன் உறைபனியில் காயப்பட்டாலும் உயிர் பிழைத்துப் பாடம் கற்கிறான். 1908ஆம் ஆண்டு வடிவத்தில் நாயகனுக்குப் பெயர் இல்லை, பிழைப்பும் இல்லை. முதல் வடிவத்தில் இல்லாத ஒரு நாய் மட்டும், அவன் இறந்த வாடையை உணர்ந்து, உணவும் தீயும் தரக்கூடிய வேறு மனிதர்கள் இருக்கும் முகாமை நோக்கித் திரும்பி ஓடுகிறது.