போர்த் தண்ணீரில் யுரேனியம்: அளவைக் குறைத்துக் காட்டும் கலப்புகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் என்றாலே ஃப்ளூரைடு பேச்சுதான். கருங்கல் பாறையில் இறங்கிய போர்களில் யுரேனியத்தையும் பார்ப்பது நல்லது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

ஃப்ளோரிமீட்டரில் (உமிழும் ஒளியை அளக்கும் கருவி), ஒளியைக் கூட்டும் பைரோபாஸ்பேட் கரைசல் சேர்த்து, யுரேனியம் உமிழும் பச்சை ஒளியை அளக்கிறோம். இரும்பு, மாங்கனீசு, குளோரைடு, மக்கிய இலைதழைச் சாயம் எல்லாம் அந்த ஒளியை மங்கவைக்கும். அதனால் தண்ணீர் உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும், ஆபத்தே அதில்தான்.

கேனில் செம்மண் நிறத்தில் இரும்பு படிந்தால் யுரேனியமும் கூடவே படிந்துவிடும். ஆகவே போரடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் (அமில-கார அளவு) 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், குளோரைடு கூடும். அளக்கும்முன் பிஹெச் 7-க்குத் திருப்புங்கள்.

இந்த மங்கலைச் சரிக்கட்ட ஒரு வழி: 5 மி.லி. மாதிரி, 0.5 மி.லி. பைரோபாஸ்பேட். வெற்று நீரின் (யுரேனியம் இல்லாத நீர்) அளவைக் கழித்தபின் கருவி 120 காட்டியது என்று வையுங்கள். அதே குப்பியில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) யுரேனியக் கரைசல் 50 மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும். இப்போது 200, அதாவது அந்த 10 மைக்ரோகிராமுக்கு ஏற்றம் 80. 120-ஐ 80-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 15 மைக்ரோகிராம். தூய நீரில் அதே 10 மைக்ரோகிராம் 130 காட்டியிருந்தால், அதை வைத்துப் போட்ட நேர்க்கோட்டு வரைபடம் 9.2 என்று ஏமாற்றியிருக்கும்.

மாதிரியில் வரும் ஏற்றம், தூய நீரில் வருவதில் பாதிக்கும் கீழே போனால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.