வீடியோ காலை வைத்து மிரட்டுகிறார்களா? பணம் அனுப்பாதீர்கள்

யாரோ உங்களை மிரட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா, சரி, இனிமேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ரிக்வெஸ்ட் வரும், ஓரிரு நாள் இனிக்க இனிக்கப் பேச்சு, அப்புறம் வாட்ஸ்அப் நம்பர் கேட்பார்கள், அன்று ராத்திரியே வீடியோ கால். எதிரில் தெரிவது பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்த பழைய வீடியோ. உங்கள் முகம் சில நொடி தெரிந்தால் போதும், அதை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்துவிடுவார்கள். நீங்கள் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் வெட்டி ஒட்டி வேறு மாதிரி ஆக்கிவிடுவார்கள். சற்று நேரத்தில் அந்த வீடியோவும் உங்கள் நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்து வரும்.

நீங்கள் மசியவில்லை என்றால் அடுத்து 'போலீஸ்' பேசும். சிபிஐ என்பார்கள், டெல்லி சைபர் கிரைம் என்பார்கள், வீடியோ யூடியூபில் ஏறிவிட்டது, நீக்கப் பணம் கட்டு என்பார்கள். அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன்மேல் கேஸ் என்றுகூடச் சொல்வார்கள். எல்லாம் அதே கும்பல்தான். நிஜப் போலீஸ் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஜிபேயில் பணம் கேட்காது.

பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஐயாயிரம் கொடுத்தவரிடம்தான் அடுத்து இருபதாயிரம் கேட்கிறார்கள், ஏனென்றால் இவர் கொடுப்பார் என்று தெரிந்துவிட்டது. வீடியோவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் உங்களை மிரட்ட அவர்கள் கையில் எதுவும் இருக்காது. அனுப்பவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது, சில பேருக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். ஆனாலும் பணம் அதைத் தடுப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: பிளாக் செய்வதற்கு முன் அவர்களுடைய நம்பர், புரொஃபைல் லிங்க், யுபிஐ ஐடி, மிரட்டிய சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெட்கத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அப்புறம் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள், நண்பர்கள் பட்டியலை மறையுங்கள், உங்கள் கணக்கைச் சில நாள் முடக்கி வையுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பணம் போகாவிட்டாலும் cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் புகார் கொடுங்கள். என்னையே பிடித்து உள்ளே போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 308-வது பிரிவில் குற்றம், நீங்கள் பாதிக்கப்பட்டவர்.

படம் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII) என்ற இலவசத் தளம் இருக்கிறது. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதை வைத்துத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் 'டேக் இட் டவுன்' (Take It Down) தளம், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098. காசு கொடுத்தால் வீடியோவை அழித்துத் தருகிறேன் என்று வருபவர்களை நம்பாதீர்கள், அது இரண்டாவது மோசடி.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்: தனியாக இருக்காதீர்கள். அண்ணனோ, அக்காவோ, நண்பனோ, ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். 'என் பேரில் ஒரு போலி வீடியோ வரலாம், திறக்காமல் ரிப்போர்ட் பண்ணுங்க' என்று நெருங்கியவர்களுக்கு நீங்களே ஒரு வரி அனுப்பிவிட்டால் மிரட்டலின் பலம் அங்கேயே குறைந்துவிடும். செத்துவிடலாம் என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

உங்களிடம் ஒருவர் இப்படி வந்து சொன்னால், 'நீ ஏன் அந்தக் காலை எடுத்தாய்' என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து 1930-ஐ நீங்களே போட்டுக் கொடுங்கள்.