ஸ்காட்டி போதைமருந்து விற்றாரா? எலிசன் புத்தகச் சண்டைக்குள் இறங்கும் முன் படிக்க வேண்டிய முறை

இந்தச் சண்டையில் நான் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில், அறுபதுகளில் வந்த பழைய தொடரின் மிகச் சிறந்த எபிசோடு எது என்று பேச்சு வந்தபோது, "எலிசன் எழுதினதை அப்படியே எடுத்திருந்தா ஸ்காட்டி போதைமருந்து வித்திருப்பார், நல்லவேளை ராடன்பெரி காப்பாத்தினார்" என்று அடித்துவிட்டேன். (எலிசன் அந்த எபிசோடை எழுதியவர், ராடன்பெரி தொடரை உருவாக்கியவர், ஸ்காட்டி அதில் வரும் விண்கப்பலின் இன்ஜினியர்.) நண்பர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எலிசனின் மூல ஸ்கிரிப்ட் அச்சான புத்தகத்தை எடுத்து வந்து மடியில் போட்டார். "எந்தப் பக்கத்துல ஸ்காட்டி விக்கிறார், காட்டு." இரவு முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு பக்கமே இல்லை. நான் சொன்னது எலிசன் எழுதியது இல்லை, எலிசன் எழுதியதாக ராடன்பெரி பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. அன்றைக்கு நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எபிசோடின் பெயர் 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்', என்பிசி தொலைக்காட்சியில் 1967 ஏப்ரல் 6 அன்று வந்தது, இயக்கம் ஜோசப் பெவ்னி. எழுதியவர் என்று திரையில் வரும் ஒரே பெயர் ஹார்லன் எலிசன். ஆனால் அவர் கொடுத்த ஸ்கிரிப்டை ஸ்டீவன் கராபட்ஸோஸ், ஜீன் கூன், டி. சி. ஃபொன்டானா, கடைசியில் ஜீன் ராடன்பெரி என்று வரிசையாகப் பலர் கை வைத்து மாற்றினார்கள். கொதித்துப்போன எலிசன் தன் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வெய்னர் பேர்ட்' என்று போடச் சொன்னார். ஒரு படைப்பைத் தான் கைகழுவிவிட்டதாகக் காட்ட அவர் வைத்திருந்த புனைபெயர் அது. நடக்கவில்லை. பிறகு 1995-இல் தன் மூல ஸ்கிரிப்டையும் தன் தரப்பு நியாயத்தையும் அதே பெயரில் புத்தகமாகப் போட்டார், அடுத்த ஆண்டு அது பரவலாகக் கிடைக்கும் பேப்பர்பேக் பதிப்பாகவும் வந்தது. ரசிகர்கள் இன்றுவரை இரண்டு கட்சியாக நிற்பது இதற்காகத்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? புத்தகத்தில் இல்லை, எபிசோடில். முன்பு பார்த்திருந்தாலும் இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் நினைவில் இருப்பது பெரும்பாலும் கடைசிக் காட்சி மட்டும்தான். எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் டாக்டர் மெக்காய் தவறுதலாகத் தனக்கே அளவுக்கு மீறி மருந்து ஏற்றிக்கொண்டு புத்தி பேதலித்து, ஒரு பாழடைந்த கிரகத்தில் பேசும் கல்வளையமாக நிற்கும் காலத்தின் வாசலுக்குள் பாய்ந்துவிடுகிறார், வரலாறு மாறிவிடுகிறது, அந்தக் கப்பலே இல்லாமல் போகிறது. கேப்டன் கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் அவரைத் தேடி 1930-ஆம் ஆண்டு நியூயார்க்குக்குப் போகிறார்கள். அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் ஈடித் கீலர் (ஜோன் காலின்ஸ்) மேல் கிர்க்குக்குக் காதல். அவள் உயிரோடு இருந்தால் அவள் நடத்தும் அமைதி இயக்கத்தால் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கத் தாமதமாகி, அணுகுண்டு முதலில் ஜெர்மனி கைக்குப் போய்விடும். ஆகவே அவள் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும். பார்க்கும்போது ஒரு தாளில் ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசி நொடியில் யார் யாரைத் தடுக்கிறார்கள்? காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கிர்க் கட்டிப் பிடித்து நிறுத்துகிறார். என்ன செய்தாய் தெரியுமா என்று மெக்காய் கத்தும்போது, அவருக்குத் தெரியும் டாக்டர், தெரியும் என்கிறார் ஸ்பாக். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

இப்போது புத்தகம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் வருவது எலிசனின் நீண்ட முன்கட்டுரை. அது சாதாரண முன்னுரை இல்லை, முப்பது வருஷம் அடக்கி வைத்த கோபம். (அடக்கி வைத்தாரா என்பதே சந்தேகம், அவர் எதையும் அடக்கி வைத்தவர் என்று யாரும் சொன்னதில்லை.) இறந்துபோன ராடன்பெரியை இப்படி வெளுத்து வாங்குகிறாரே என்று சிலருக்கு முதல் இருபது பக்கத்திலேயே வெறுத்துவிடும், சிலர் அந்த நடையில் மயங்கி அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு பேருமே ஸ்கிரிப்டைப் படிக்கும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதனால் கட்டுரையைத் தாண்டி நேராக ஸ்கிரிப்டுக்குப் போங்கள். அப்புறம் கதைச்சுருக்க வரைவுகள், அப்புறம் கடைசியில் இருக்கும் பின்னுரைகள், அதற்கெல்லாம் பிறகு முன்கட்டுரை. தலைகீழாக இருக்கிறதே என்றால் ஆமாம், இந்தப் புத்தகத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

ஸ்கிரிப்டில் மெக்காய் செய்யும் வேலையைச் செய்பவன் பெக்வித் என்ற கப்பல் அதிகாரி. சக ஊழியர்களுக்கு ஒரு வகை போதைப்பொருள் விற்கிறான், காட்டிக்கொடுக்கப் போன லெபெக் என்பவனைக் கொன்றுவிடுகிறான். ராடன்பெரி சொன்ன "போதைமருந்து" இதுதான், ஆனால் விற்பவன் ஸ்காட்டி இல்லை. காலத்தின் வாசலுக்குக் காவல் நிற்பது பேசும் கல்வளையம் இல்லை, மிக உயரமான பழங்காலக் காவலர்கள். வரலாறு மாறியதும் எண்டர்பிரைஸ் மறைவதற்குப் பதிலாக அந்த இடத்தில் கொள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று நிற்கிறது, இளநிலை அதிகாரி ராண்ட் அங்கே துப்பாக்கியோடு டிரான்ஸ்போர்ட்டர் (ஆட்களை நொடியில் இடம் மாற்றும் கருவி) அறையைக் காத்து நிற்கிறாள். அப்புறம் ட்ரூப்பர். முதல் உலகப்போரில் வெர்டன் போர்க்களத்தில் இரண்டு காலும் போய், நியூயார்க் தெருவோரம் கிடக்கும் முன்னாள் சிப்பாய். கிர்க்குக்கு உதவப் போய் பெக்வித் கையால் செத்துப்போகிறான், அவன் செத்ததால் வரலாற்றில் ஒரு துரும்பும் அசைவதில்லை. ஒரு பெண் செத்தால் பிரபஞ்சமே தப்பிக்கிறது, ஒரு மனிதன் செத்தால் ஒன்றுமே ஆகவில்லை. இந்த இரண்டையும் எலிசன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். என்னைக் கேட்டால் திரையில் வராமல் போனதில் பெரிய நஷ்டம் இதுதான்.

கடைசிக் காட்சிக்கு வரும்போது முன்பு எழுதிய தாளை எடுங்கள். ஸ்கிரிப்டில் ஈடித்தைக் காப்பாற்ற ஓடுபவன் பெக்வித். கொலைகாரன், அவனுக்கும் அந்த நேரத்தில் ஒரு மனிதத்தனம். அவனைத் தடுத்தாக வேண்டிய கிர்க்குக்குக் கை வரவில்லை, உறைந்து நிற்கிறார். தடுப்பவர் ஸ்பாக். இந்த மொத்தச் சண்டையின் உயிரும் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் பக்கவாத்தியம். காதலுக்காகப் பிரபஞ்சத்தையே விட்டுக்கொடுக்கத் துணிந்த கிர்க்கா, காதலியைத் தன் கையாலேயே சாகவிட்ட கிர்க்கா? முதலாமவர் மனிதர், இரண்டாமவர் கேப்டன். எனக்குப் பல வருஷமாக இரண்டாவது முடிவுதான் பிடிக்கும், வாரா வாரம் வரும் நாயகன் கடைசியில் ஒன்றும் செய்யாமல் நிற்பதைத் தொலைக்காட்சி தாங்காது என்றும் தோன்றும். ஆனால் ஸ்கிரிப்டைப் படித்து முடித்த இரவில் அப்படித் தோன்றவில்லை.

வாதத்துக்குப் போகும் முன் தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வாதம் அதிலேயே அடங்கிவிடும். எலிசன் முதல் கதைச்சுருக்கம் கொடுத்தது 1966 மார்ச்சில். தொடர் ஒளிபரப்பாக ஆரம்பித்ததே அந்த ஆண்டு செப்டம்பர் 8-இல்தான். "ஸ்டார் ட்ரெக் உலகம் எலிசனுக்குப் புரியவில்லை, அந்தக் கப்பலில் போதைமருந்து விற்பவன் எப்படி இருப்பான்" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் எழுத ஆரம்பித்தபோது அந்த உலகம் இரண்டு முன்னோட்டப் படங்களும் கொஞ்சம் காகிதமும் மட்டும்தான். எதிர்க்கட்சிக்கும் தேதியில் ஒரு ஆயுதம் உண்டு. படப்பிடிப்பு நடந்தது 1967 பிப்ரவரியில், அதற்குள் ராண்டாக நடித்த கிரேஸ் லீ விட்னி தொடரிலேயே இல்லை. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி அதற்குள் ரசிகர்களின் செல்லம், எலிசன் கதையிலோ அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலையே இல்லை. எனவே ஸ்கிரிப்டை அப்படியே எடுப்பது என்பது 1967-இல் எப்படியும் நடக்கிற காரியம் இல்லை.

காசு விஷயம் வரும், வராமல் இருக்காது. ஸ்கிரிப்ட்படி எடுத்தால் பட்ஜெட் தாங்காது என்பதுதான் ராடன்பெரி தரப்பின் முக்கிய வாதம். கொள்ளைக்கப்பல், காவலர்கள் எல்லாம் செலவு பிடிக்கும் சமாச்சாரம்தான், மறுக்க முடியாது. ஆனால் வெட்டிக் குறைத்து எடுத்த எபிசோடுக்கே சுமார் 2,45,000 டாலர் ஆனது, அந்த முதல் சீசனில் சராசரி எபிசோடுக்கு ஆன செலவு சுமார் 1,90,000. ஆகவே இந்த வாதத்தை எடுத்தால் அது உங்கள் பக்கமே திரும்பிப் பாயும், பார்த்து எடுங்கள். எவ்வளவு இழுத்துப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கிர்க்கும் ஈடித்தும் தெருவில் நடந்து போகும் காட்சியில் பின்னால் இருக்கும் கடைக் கண்ணாடியைக் கவனியுங்கள். 'ஃப்ளாய்ட்ஸ் பார்பர் ஷாப்' என்று எழுதியிருக்கும். 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரில் வரும் மேபெரி ஊரின் முடிதிருத்தும் கடை அது! இரண்டு தொடர்களும் கல்வர் சிட்டியில் ஒரே திறந்தவெளி செட்டில் எடுக்கப்பட்டவை.

விருதுகளை வைத்து வாதாடினால் கொஞ்சம் ஜாக்கிரதை, இங்கே ஒரு குழி இருக்கிறது. இதற்கு இரண்டு விருதுகள் கிடைத்தன, இரண்டும் வேறு வேறு பொருளுக்கு. எழுத்தாளர் சங்க விருதுக்கு எலிசன் அனுப்பியது தன் மூல ஸ்கிரிப்டை, திரையில் வந்ததை இல்லை, அதற்குத்தான் பரிசு. 1968-இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது ஒளிபரப்பான எபிசோடுக்கு. அந்த ஆண்டு அந்தப் பிரிவில் போட்டியிட்ட ஐந்துமே ஸ்டார் ட்ரெக் எபிசோடுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "பார், எலிசனுக்கே பரிசு" என்பவரும் "பார், திருத்தினதுக்கே பரிசு" என்பவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், அதனால் விருதை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது. நம் ஊர்ப் படங்களில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியாகப் பெயர் போடுகிற வழக்கம் அங்கே இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

வாயைத் திறக்கும் முன் இன்னொன்று: எந்தக் கேள்விக்குச் சண்டை போடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ராடன்பெரி பேட்டிகளில் சொன்னது உண்மையா என்பது ஒரு கேள்வி. திருத்தியது அவசியமா என்பது வேறு. எது நல்ல கதை என்பது மூன்றாவது. ரசிகர்கள் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் ஆண்டுக்கணக்கில் முடிவதில்லை. முதல் கேள்வியில் எலிசன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயிக்கிறார், ஸ்கிரிப்டே சாட்சி. அதே வேகத்தில் மற்ற இரண்டையும் ஜெயித்துவிட்டதாக அவர் முன்கட்டுரையில் நடந்துகொள்கிறார், அதுதான் புத்தகத்தின் பலவீனம். கெடு தாண்டித் தாண்டி இழுத்தார், ஸ்டுடியோவிலேயே ஓர் அறை கொடுத்து உட்கார வைத்து எழுதி வாங்க வேண்டியிருந்தது என்பதையெல்லாம் அவர் தொண்டர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

பின்னுரைகளில் லெனார்ட் நிமாய், ஜார்ஜ் டாகேய், வால்டர் கோனிக், டேவிட் ஜெரால்ட் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நேரமில்லை என்றால் ஃபொன்டானாவுடையதை மட்டுமாவது படியுங்கள். எலிசனுக்குத் தோழி. தன் ஸ்கிரிப்டைக் கெடுத்தது யார் என்று எலிசன் ஆண்டுக்கணக்கில் பொரிந்துகொண்டிருந்தபோது, திருத்தியவர்களில் தானும் ஒருத்தி என்பதை வெளியே சொல்லாமல் இருந்தவர். அதை இந்தப் புத்தகத்திலேயே ஒப்புக்கொள்கிறார், எலிசன் அதை அப்படியே அச்சில் போட்டிருக்கிறார். முன்கட்டுரையில் வராத ஒரு பெருந்தன்மை அங்கே தெரிகிறது.

இரண்டு தவறான அடிகளைத் தவிர்த்துவிடுங்கள். "செத்தவர் பதில் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் போட்டார்" என்பது ஒன்று. ராடன்பெரி 1991-இல் இறந்தார், புத்தகம் 1995-இல் வந்தது, சரிதான். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் 1976-லேயே ஒரு நாடகத் தொகுப்பில் அச்சாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். "எலிசனுக்கு அந்தத் தொடரே பிடிக்காது" என்பது இன்னொன்று. ஸ்கிரிப்ட் விஷயத்தில் இழுபறி நடந்துகொண்டிருந்த அதே 1966 டிசம்பரில், தொடரைக் காப்பாற்றக் கடிதம் எழுதுங்கள் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் சேர்ந்து விட்ட வேண்டுகோளை முன்னின்று அனுப்பியவரே எலிசன்தான். 2009-இல் அவர் போட்ட வழக்கையும் இதில் இழுக்காதீர்கள், அது இந்த எபிசோடை வைத்துச் சம்பாதித்த காசில் பங்கு கேட்ட தனி விவகாரம், அதே ஆண்டு சமரசமாகிவிட்டது.

ஸ்கிரிப்ட் வடிவம் படிக்கச் சிரமமாக இருந்தால் 2014-இல் ஐடிடபிள்யூ நிறுவனம் அதை ஐந்து இதழ்களாகக் காமிக்ஸில் கொண்டுவந்தது, ஜே. கே. உட்வர்டின் ஓவியத்தில் ட்ரூப்பரின் முகத்தைப் பார்க்கலாம். எல்லாம் முடிந்ததும் எபிசோடை மூன்றாவது தடவை போடுங்கள். மெக்காய் 1930-க்கு வந்து விழுந்து, எதிரில் வந்த ஒரு நாடோடியிடம் பிதற்றிவிட்டு மயங்கிச் சாய்வார். அந்த ஆள் அவர் பையைத் துழாவி, ஃபேசர் என்ற கதிர்த் துப்பாக்கியை எடுத்து, இது என்ன என்று தெரியாமல் விசையை அழுத்திவிடுவான். ஒரு வெளிச்சம், ஆள் இல்லை. வரலாறு மாறியதா, மாறவில்லையா என்று யாரும் கேட்பதில்லை, எபிசோடு முடியும்வரை அவன் பேச்சை யாரும் எடுப்பதுமில்லை.