உங்க ஊர் பாறையில புது நண்டு பாத்தீங்களா? அதை 'பதிவு' ஆக்கறது எப்படின்னு பாப்போம்

வாட்ஸ்அப்ல அடிக்கடி ஒரு போட்டோ வரும், "ப்ரோ இது புது நண்டா?"ன்னு. மேல இருந்து எடுத்தது, பாதி ஷேக், நண்டு பாறை இடுக்குல பாதி உடம்ப நுழைச்சுட்டு இருக்கும். அத வச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்க.

மொதல்ல ஒன்னு, நாம பேசறது உலகத்துக்கே புது இனம் பத்தி இல்ல. வேற கரையில ஏற்கனவே பேரு வச்ச நண்டு, நம்ம கரையில இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் எழுதி வைக்கல, அதுதான் புதுப் பதிவு. 1988 செப்டம்பர்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில டவுன்செண்ட்ஸ் இன்லெட்ங்கற இடத்துல ஹெமிகிராப்சஸ் சாங்குனியஸ்னு ஒரு நண்டு சிக்குச்சு, அது சகாலின்ல இருந்து ஹாங்காங் வரைக்கும் உள்ள ஆசியக் கரை நண்டு, அட்லாண்டிக் பக்கம் அதுக்கு என்ன வேலை? 1990ல அத ஆராய்ச்சிப் பேப்பரா போட்டாங்க, மொத்தமே ரெண்டு பக்கம். இப்ப அந்த நண்டு அங்க மெயின்ங்கற மாநிலத்துல இருந்து நார்த் கரோலினா வரைக்கும் பரவி கெடக்கு.

ஸ்டெப் 1: நேரம் பாத்து போங்க
அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி கடல் நல்லா வத்தும். முட்டம், கன்னியாகுமரி மாதிரி பாறைக் கரையில தனியா போகாதீங்க, அலைக்கு முதுகு காட்டி நிக்காதீங்க. பொரட்டுன கல்ல திரும்ப அப்படியே வைங்க, அடியில ஒரு ஊரே குடியிருக்கு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல இருக்கற 21 தீவுலயும் வனத்துறை அனுமதி இல்லாம கை வைக்கக் கூடாது.

ஸ்டெப் 2: உசுரோட இருக்கும்போதே போட்டோ
கெடாம இருக்க ஸ்பிரிட்ல (எத்தனால்) போட்டா கலர் போயிரும், அதனால இது முதல்ல. முதுகு, வயிறு, முகம், ரெண்டு கொடுக்கு, பக்கத்துல ஒரு ஸ்கேல். கால புடிச்சு தூக்காதீங்க, நான் முதல் தடவை அப்படித்தான் புடிச்சேன், கால் மட்டும் என் விரல்ல நின்னு துடிச்சுட்டு இருந்துச்சு, நண்டு எப்பவோ போயிருச்சு.

ஸ்டெப் 3: முள்ள எண்ணுங்க
அடையாளம் முக்காவாசி இங்கதான் இருக்கு, கலர நம்பாதீங்க, ஒரே இனத்துல பத்து கலர் வரும். ஓட்டோட பக்கவாட்டு ஓரத்துல, கண்ணுக்குப் பின்னாடி எத்தனை முள்ளுன்னு பாருங்க. நியூ ஜெர்சி நண்டுக்கு பக்கத்துக்கு மூணு, அதே கரையில கெடக்கற 'பச்சை நண்டு'ங்கற வேற இனத்துக்கு அஞ்சு, இத வச்சே ரெண்டையும் பிரிச்சுரலாம். ஓடு எங்க ரொம்ப அகலமோ அங்க வெர்னியர் (துல்லியமா அளக்கற கருவி) வச்சு அளங்க. வயித்து மடல் குறுகலா முக்கோணமா இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பெண். ஆண் கெடைச்சா லக்குன்னு வச்சுக்கங்க, ஏன்னா நெறைய இனங்கள்ல அந்த மடலுக்கு உள்ள இருக்கற முதல் ஜோடி உறுப்போட நுனிய மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் எது எதுன்னு உறுதியா சொல்ல முடியும்.

பாறை மேல செவந்து காஞ்சு கெடக்கற 'செத்த நண்டு' பல நேரம் வெறும் கழட்டிப் போட்ட சட்டைதான், அதையும் விடாதீங்க, முள்ளெல்லாம் அதுலயும் அப்படியே இருக்கும்.

ஸ்டெப் 4: பாட்டில்
எத்தனால்ல போடுங்க, டிஎன்ஏ பாக்கணும்னா ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுரும். மறுநாள் ஸ்பிரிட்ட மாத்தணும், நண்டு உடம்புல இருக்கற தண்ணி அத நீர்க்க வச்சுரும். லேபிள் பென்சில்ல எழுதி பாட்டிலுக்கு உள்ள போடுங்க. நான் பேனாவுல எழுதி வச்சேன், ஒரு வாரத்துல நீலத் தண்ணிக்குள்ள ஒரு வெள்ளைப் பேப்பர்தான் மிச்சம், எந்த ஊர்ல புடிச்சேன்னு எனக்கே தெரியல, அந்த நண்டு வேஸ்ட்.

ஸ்டெப் 5: பழைய பேரையும் தேடுங்க
"இதுவரை பதிவே இல்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி வோர்ம்ஸ் (WoRMS, உலகக் கடல் உயிரினப் பேர்ப் பட்டியல்) தளத்துல பேர போட்டு அதோட பழைய பேர் எல்லாத்தையும் எடுங்க. யாராவது அம்பது வருஷம் முன்னாடி வேற பேர்ல எழுதியிருப்பாங்க. குடும்பப் பேரும் மாறும், நியூ ஜெர்சி பேப்பர் தலைப்புல கிராப்சிடேன்னு இருக்கும், இன்னைக்கு அதே நண்டு வருணிடேல இருக்கு.

ஸ்டெப் 6: வீட்ல வச்சுக்காதீங்க
இந்திய விலங்கியல் ஆய்வகத்தோட கடல் உயிரியல் மையம் சென்னையில இருக்கு, அங்க ஒப்படைக்க கேளுங்க. ஒரு ரெஜிஸ்டர் நம்பர் தருவாங்க, பேப்பர்ல அந்த நம்பர எழுதணும். நாளைக்கு ஒருத்தர் வந்து "முள்ளு மூணு இல்ல, நாலு"ன்னு சண்டை போட்டா, அந்த நம்பர் பாட்டில எடுத்து தொறந்து எண்ணிப் பாத்துக்கலாம்.