குழந்தை பேசத் தொடங்கும் வயதில் தவிர்க்க வேண்டியவை

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் "இன்னும் பேச்சு வரலையே" என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வரும். கார்ட்டூன் போட்டுக் காட்டு, இங்கிலீஷிலேயே பேசு, நாக்கில் வசம்பு தடவு, ப்ளே ஸ்கூலில் சேர்த்தால் தானாக வந்துவிடும். சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இவற்றில் பாதிக்குக் காரணம். அது போதாது. குழந்தை எழுப்பும் ஒலிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் இடத்தை நாம் எப்படியெல்லாம் காலி செய்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செல்போன். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை முடித்து, டிராஃபிக்கில் நொந்து, எட்டு மணிக்கு வீடு சேரும் அம்மா, போனைக் காட்டிச் சோறு ஊட்டுவது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். 2 வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. "ரைம்ஸ் பார்த்துத்தான் நிறைய கத்துக்கிறான்" என்பவர்கள் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரீசியா கூல் குழுவினர், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது, அந்த மொழிக்கே உரிய ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதையே வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கொடுத்தபோது எதுவும் ஏறவில்லை.

திருநெல்வேலி ஆச்சியோடு வீடியோ கால் பேசுவது வேறு. குழந்தை சிரித்தால் ஆச்சியும் சிரிக்கிறாள், கை நீட்டினால் "என்னடா கண்ணு?" என்கிறாள். அதைத் தாராளமாக விடலாம். யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடும் சீரியலை நிறுத்துங்கள். வீட்டுப் பேச்சு அந்தச் சத்தத்தில் முங்கிப்போகிறது.

அடுத்தது, பேசுவதாக நினைத்துக்கொண்டு கேள்வி மட்டுமே கேட்பது. "இது என்ன? இது என்ன கலர்? காக்கா எப்படிக் கத்தும்?" இது பேச்சில்லை, பரீட்சை. கீரை ஆயும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். முருங்கைக் கொத்து ஒன்றைப் பிடித்து இழுத்து, "ஈ..." என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். "ஆமா, கீரை. இலையை உருவுறியா? குச்சியை இங்க போடு." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இதுதான் மிகக் கடினம். ஐந்து வரும்போதே நமக்குப் பொறுக்காது, அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம். குழந்தைக்கோ நாம் சொன்னதைக் கேட்டு, யோசித்து, உதட்டைக் கூட்டவே அந்த நேரம் தேவைப்படுகிறது. காத்திருந்தால் ஒரு "ச்சி" வரும், இல்லாவிட்டால் குச்சியை உங்கள் கையில் வைக்கும். அதுவும் பதில்தான். நீங்கள் மறுபடி பேசலாம்.

கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததே. பாட்டி, தாத்தா, வேலைக்கு வரும் அக்கா எல்லோரும் இருக்கும் வீட்டில், குழந்தை தண்ணீர் பாட்டிலைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது வாய்க்கு வந்துவிடும். அழவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டு, அது கை காட்டவோ ஒரு சத்தம் போடவோ ஒரு நொடி கொடுங்கள்.

மொழி விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். ப்ளே ஸ்கூல் சேர்க்கையை நினைத்து, தமிழ் வீடுகளிலேயே "கம், சிட், ஈட், நோ" என்று கட்டளை ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். பாட்டியையும் அப்படியே பேசச் சொல்கிறோம். கதையும் கொஞ்சலும் கேலியுமாக வாய் ஓயாமல் பேசக்கூடிய பாட்டி, நான்கு சொற்களோடு மௌனமாகிவிடுகிறாள். யாருக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ அதிலேயே பேசட்டும். சென்னையில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும், வீட்டில் உருதும் கடையில் தமிழும் என்று வளர்ந்த தலைமுறைகள் எத்தனையோ. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பமில்லை. பேச்சு தாமதம் என்றதும் வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

"தத்தி" என்றால் "தத்தி இல்ல, தண்ணின்னு சொல்லு" என்று மடக்க வேண்டாம். "தண்ணியா? இந்தா தண்ணி" என்றால் திருத்தமும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று. விருந்தாளி வந்ததும் "அங்கிளுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு" என்று நிறுத்துவதும் வேண்டாம். பேச்சு வருவதற்காக நாக்கில் வசம்பு, தேன் தடவ வேண்டாம். இரண்டாலும் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, காத்திருப்பது. "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொல்வது ஆறுதலுக்காகத்தான். ஆனால் 9 மாதத்துக்குள் "பாபா, தாதா" போன்ற ஒலிகள் இல்லை, 12 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றேகால் வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதிலும் உடனே காட்டுங்கள்.

முதலில் காதைச் சோதிப்பார்கள். "குக்கர் விசிலுக்குத் திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. உரத்த சத்தம் கேட்டும், பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்தும் அப்படி ஆகும். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

போகும்போது குழந்தை சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், அது சொல்கிற விதத்திலேயே எழுதி எடுத்துப் போங்கள். "தத்தி"யும் ஒரு சொல்லாகக் கணக்கில் வரும். ஆஸ்பத்திரியில் வாயே திறக்காமல் மடியில் ஒண்டிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. வீட்டில் விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோ இருந்தால், ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு அதுவே பெரிய உதவி.